திறவுகோலும் உடைமையும்: மறைகுறிச் சாவிகளின் காப்பும் மீட்பும் பற்றிய ஒரு சமூகவரலாற்று நோக்கு

1

ஆவணங்களைப் பேணிக்காத்தல் என்பது தமிழாராய்ச்சியில் ஈடுபட்டோர் யாவரும் நன்கறிந்த பிரச்சினையாகும். ஏட்டுச்சுவடியொன்று பல நூற்றாண்டுகள் கடந்து நம் கைக்கு எட்டியதெனின், அது தலைமுறைதோறும் பெயர்த்தெழுதப்பட்டமையே அதற்குக் காரணம். ஒற்றைப் பிரதியாய் நின்றவை செல்லுக்கும் நீருக்கும் நெருப்புக்கும் இரையாயின. படிகள் பெருகப் பெருக நூலின் ஆயுள் நீளும் என்பது எமது துறையின் பாலபாடம் எனலாம்.

இவ்விதிக்கு முரணான இயல்பு கொண்டதொரு பொருள் நமது காலத்தில் அன்றாட வாழ்வினுள் நுழைந்துள்ளது. அதுவே மறைகுறிச் சாவி. எழுத்தையும் எண்ணையும் படத்தையும் பிறர் வாசிக்கவியலாத வடிவுக்கு மாற்றுவது மறைகுறியாக்கம்; மீண்டும் வாசிக்கத்தக்க வடிவுக்குக் கொணர்வதற்கு வேண்டப்படும் இரகசிய எண்ணே சாவி. இச்சாவி படியெடுக்கப்படுந்தோறும் அது காக்கும் இரகசியம் நலிவடைகின்றது. படியெடுக்கப்படாவிடினோ, ஒரு சிறு விபத்தில் அதனாற் பூட்டப்பட்ட அனைத்தும் மீளா வகையில் அழிந்துபோகின்றன. பெருகினாலும் கேடு, தனித்து நின்றாலும் கேடு என்னும் இம்முரண்பாடு, சாவியை வன்பொருட் சில்லொன்றினுள் அடைத்துவைக்கும் தற்கால முறையில் அதன் உச்சத்தை எய்தியுள்ளது. சாவி தன்னை விட்டு வெளியேறாதவாறு அமைக்கப்பட்டிருப்பதே அத்தகைய சில்லின் சிறப்பு. வெளியேறாத சாவிக்குக் காப்புப் படி எங்ஙனம் எடுப்பது? எடுக்கப்பட்ட படி யாரிடம் இருத்தல் வேண்டும்?

இவ்வினாக்கள் பொறியியலாளருக்கு மட்டுமே உரியனவாகக் கருதப்பட்டு வந்துள்ளன. ஆயின், சாவிகளின் வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குமிடத்து, இரண்டாவது படியை யார் வைத்திருப்பது என்பது ஒவ்வொரு காலகட்டத்திலும் உடைமையுறவுகளாலும் அதிகார உறவுகளாலும் தீர்மானிக்கப்பட்டு வந்திருப்பது புலனாகும். தொழில்நுட்பம் அத்தீர்மானத்துக்கு வடிவம் கொடுக்கின்றதேயன்றி, அதனைத் தானே தோற்றுவிப்பதில்லை. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

மறைகுறியியலின் நவீன வரலாற்றை 1883ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது பொருத்தமானது. நெதர்லாந்திற் பிறந்து பிரான்சில் மொழியாசிரியராகப் பணியாற்றிய ஒகுஸ்ற் கேர்க்கோவ்ஸ், அவ்வாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு இராணுவ விஞ்ஞான இதழொன்றில் இரு பகுதிகளாகத் தமது புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். மறைகுறி முறை எதிரியின் கையிற் சிக்கினாலும் பாதகமில்லை; சாவி ஒன்றே இரகசியமாயிருத்தல் போதுமானது என்னும் அவரது கோட்பாடு இன்றுவரை நிலைத்துள்ளது. அதே கட்டுரையில் அவர் விதித்த பிறிதொரு நிபந்தனை அத்துணை பேசப்படுவதில்லை. சாவி எழுத்துக் குறிப்பின் துணையின்றி நினைவில் இருத்தத்தக்கதாயும், வேண்டியபோது மாற்றத்தக்கதாயும் இருத்தல் வேண்டும் என்பதே அது. அதாவது, சாவியின் இயல்பான இருப்பிடம் மனிதனின் மனமே என அவர் கருதினார்.

அவர் காலத்துத் தந்திப் போருக்கு அது போதுமானதாயிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் இயந்திரமயப்பட்ட பெரும் போர்களோ மனத்தின் கொள்ளளவை விஞ்சி நின்றன. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியப் படையினர் பயன்படுத்திய எனிக்மா இயந்திரத்தின் அமைப்பு நாள்தோறும் மாற்றப்பட்டது. அம்மாற்றங்கள் அட்டவணைகளாக அச்சிடப்பட்டு ஒவ்வொரு கப்பலுக்கும் முன்கூட்டியே வழங்கப்பட்டன. படிகள் பலவாயின, அவற்றோடு ஆபத்தும் பலவாயிற்று. இதனை உணர்ந்தே ஜேர்மனியக் கடற்படை தனது மறைகுறி ஆவணங்களை நீரிற் கரையும் மையினால் அச்சிட்டது. ஆயினும், 1941 மே 9ஆம் நாள் பிரித்தானியக் கடற்படையினர் யூ-110 என்னும் நீர்மூழ்கியைக் கைப்பற்றியபோது, இயந்திரத்தோடு சாவி ஆவணங்களும் அவர்தம் கையிற் சிக்கின. 1942 ஒக்டோபர் 30ஆம் நாள், மூழ்கிக்கொண்டிருந்த யூ-559 என்னும் நீர்மூழ்கியிலிருந்து குறியீட்டு நூல்களை மீட்கப் புகுந்தவர்களுள் இருவர் அக்கலத்தோடு மூழ்கி உயிர்நீத்தனர். தாளில் எழுதப்பட்ட சில எண்களுக்காக உயிர் விலையாகக் கொடுக்கப்பட்டது என்பது, சாவி எத்துணைப் பருப்பொருள் சார்ந்தது என்பதைக் காட்டுகின்றது.

மனத்திலிருந்து தாளுக்குச் சாவி பெயர்ந்தமை முதலாவது மாற்றம். தாளிலிருந்து சில்லுக்குப் பெயர்ந்தமை இரண்டாவது மாற்றம். தொழிலாளியின் கைத்திறனும் அறிவும் அவனிடமிருந்து பிரிக்கப்பட்டு இயந்திரத்தினுட் பொதிக்கப்படுவதை ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் மார்க்ஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். சாவியின் வரலாறும் இத்தகையதொரு பிரிவின் வரலாறே. இங்கு பிரிக்கப்பட்டது திறனன்று. இரகசியத்தை அறிந்திருக்கும் நிலை.

3

இரண்டாவது மாற்றத்துக்கு உந்துவிசையாயிருந்தது போரன்று, வங்கித் தொழிலாகும். 1960களின் பிற்பகுதியிலிருந்து பரவத் தொடங்கிய பணம் வழங்கும் இயந்திரங்கள், வாடிக்கையாளரின் இரகசிய இலக்கத்தைத் தொலைபேசிக் கம்பியூடாக மத்திய கணனிக்கு அனுப்பவேண்டியிருந்தன. அவ்விலக்கத்தைப் பாதுகாக்கும் தனிக்கருவியொன்றினை 1970களின் முற்பகுதியில் எகிப்திற் பிறந்த அமெரிக்கப் பொறியியலாளர் முகம்மது அத்தாலா உருவாக்கினார். இன்றைய சில்லுகள் யாவற்றுக்கும் அடிப்படையான திரான்சிஸ்ரர் வகையினை 1959இல் டவோன் காங் என்பவரோடு இணைந்து ஆக்கியவரும் அவரே. 1977இல் ஐக்கிய அமெரிக்க அரசு 56 பிற்றுச் சாவியுடைய மறைகுறித் தராதரமொன்றினை ஏற்றுக்கொண்டது. இதனைத் தொடர்ந்து வங்கிகளில் வன்பொருட் காப்புக் கருவிகள் நிலைபெற்றன.

வங்கிக்கு வெளியாரைக் குறித்த அச்சம் இருந்தது உண்மையே. ஆனால், அதன் காப்புமுறைகளை வடிவமைத்தது பெரும்பாலும் தன் ஊழியரைக் குறித்த அச்சமாகும். தனியொருவர் முழுச்சாவியையும் அறியலாகாது. தனியொருவராற் கருவியை இயக்கலாகாது என்னும் இரு விதிகளும் அங்கு வேரூன்றின. முதன்மைச் சாவி இரண்டு அல்லது மூன்று கூறுகளாகப் பகுக்கப்பட்டு வெவ்வேறு அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. கருவி பழுதுற்றால் அவர்கள் அனைவரும் கூடித் தத்தம் கூறினைப் புதிய கருவியில் உள்ளிட்டுச் சாவியை மீளமைப்பர். வன்பொருளினுள் அடைபட்ட சாவிக்குக் காப்புப் படி எடுக்கும் செம்மையான முதல் முறை இதுவெனலாம்.

இம்முறையின் வேர்கள் கணனிக்கு நெடுங்காலம் முற்பட்டவை. 1538இல் தோமஸ் குறொம்வெல் ஆங்கிலத் திருச்சபைப் பங்குகளுக்குப் பிறப்பிறப்பு விவாகப் பதிவேடுகளைப் பேணுமாறு ஆணையிட்டபோது, அவ்வேட்டினை இரு பூட்டுடைய பேழையில் வைத்து, ஒரு சாவியைக் குருவானவரும் மற்றையதைப் பங்குக் காப்பாளரும் வைத்திருக்க வேண்டும் எனவும் விதித்தார். ஸ்பானியப் பேரரசு தன் அமெரிக்கக் குடியேற்றங்களிற் சுரண்டிய செல்வத்தைத் திரட்டிவைத்த அரச பெட்டகங்களுக்கு மூன்று பூட்டுக்கள் இருந்தன. மூன்று அதிகாரிகள் ஒருங்கே கூடினாலன்றி அவை திறவா. செல்வம் குவிந்த இடமெங்கும் அதனைக் காப்போர் மீதான ஐயமும் குவிந்தமையை இவை காட்டுகின்றன.

1990களில் இக்கருவிகள் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும் ஆற்றலைப் பெற்றன. ஐ.பி.எம். நிறுவனத்தின் 4758 என்னும் கருவி, உறையைத் துளையிட முற்பட்டாலோ வெப்பநிலையை மாற்ற முயன்றாலோ தன்னகத்துள்ள சாவிகளை உடனே அழித்துவிடும். 1998இல் அது அமெரிக்க அரசின் தராதரப்படி அதியுயர்ந்த நான்காம் நிலைச் சான்றினைப் பெற்றது. ஆயினும், 2001இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், உறையிற் கைவைக்காமலே அக்கருவியின் மென்பொருள் வழியாகச் சாவிகளை வெளிக்கொணரும் வழியைக் கண்டறிந்து வெளியிட்டனர். சாவிக் கூறுகளை ஒன்றிணைப்பதற்கென வழங்கப்பட்டிருந்த கட்டளைகளே அவர்களுக்கு வாயிலாயின. அவ்வனுமதி பெற்ற உள்ளாள் ஒருவரின் துணை மட்டுமே அதற்கு வேண்டியிருந்தது. உறை எத்துணை வலியதாயினும், படியெடுப்பதற்கும் மீட்பதற்கும் அமைந்த வழியே முறையின் நலிந்த பகுதியாக இருக்கும் என்பது இதனால் நாம் பெறும் பாடமாகும்.

4

வங்கியின் சாவி வங்கியிடமே இருந்தது. குடிமக்களின் சாவிக்கு யார் பொறுப்பு என்னும் வினா எழுந்தபோது அரசு நேரடியாகக் களத்தில் இறங்கியது. 1993 ஏப்ரல் 16ஆம் நாள் கிளின்ரன் நிர்வாகம் ‘கிளிப்பர்’ என்னும் சில்லினை அறிமுகஞ் செய்தது. தொலைபேசி உரையாடலை மறைகுறியாக்குவதற்கான இச்சில்லு, 80 பிற்றுச் சாவியுடைய ‘ஸ்கிப்ஜாக்’ என்னும் முறையைப் பயன்படுத்தியது. ஒவ்வொரு சில்லுக்கும் உரிய தனிச் சாவி இரு கூறாக்கப்பட்டு, ஒன்று தராதரங்களுக்கான தேசிய நிறுவகத்திடமும் மற்றையது திறைசேரித் திணைக்களத்தின் பிரிவொன்றிடமும் ஒப்படைக்கப்படும். நீதிமன்ற ஆணை பெற்ற பொலிசார் இரு கூறுகளையும் இணைத்து உரையாடலை ஒட்டுக்கேட்கலாம்.

ஈண்டு இரண்டு விடயங்கள் நோக்கத்தக்கன. முதலாவது, ஸ்கிப்ஜாக் முறை 1998 வரை இரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தது; கேர்க்கோவ்ஸின் கோட்பாட்டுக்கு இது முற்றிலும் முரணானது. இரண்டாவது, வங்கி தன் ஊழியரை ஐயுற்று உருவாக்கிய சாவிப் பகுப்பு முறை, இங்கு குடிமக்களை ஐயுறும் கருவியாக மாற்றமுற்றது. கூறுகளை வைத்திருந்தோர் இருவராயினும், இருவரும் ஒரே அரசின் உறுப்புக்களே. சில்லின் சொந்தக்காரரிடம் அவற்றுள் ஒன்றுகூட இருக்கவில்லை.

எதிர்ப்பு பல திசைகளிலிருந்தும் எழுந்தது. குடியியல் உரிமையாளரோடு, வெளிநாட்டுச் சந்தையை இழக்க விரும்பாத அமெரிக்கக் கணனி முதலாளிகளும் கைகோத்தனர். 1994இல் மற் பிளேஸ் என்னும் ஆய்வாளர், ஒட்டுக்கேட்பதற்கென ஒவ்வோர் உரையாடலோடும் அனுப்பப்படும் தகவற் பகுதியின் சரிபார்ப்பு 16 பிற்றுக்களே கொண்டதென்பதையும், அதனைப் போலியாக ஆக்க முடியும் என்பதையும் எடுத்துக்காட்டினார். 1996 அளவில் கிளிப்பர் வழக்கொழிந்தது. இதனைத் தனிமனித சுதந்திரத்தின் வெற்றியாகக் கொண்டாடுவோர் பலர். அவ்வெற்றியில் மூலதனத்தின் பங்கு எத்துணை என்பதும், அதன் பயனை இறுதியில் யார் அறுவடை செய்தனர் என்பதும் அவர்களாற் கேட்கப்படாத வினாக்கள்.

5

1999இல் கொம்பாக், எச்.பி., ஐ.பி.எம்., இன்ரெல், மைக்ரோசொப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்கள் இணைந்து, கணனிகளுக்கான பொதுவான காப்புச் சில்லொன்றினை வகுக்கும் கூட்டமைப்பை நிறுவின. 2003இல் அது ‘நம்பகக் கணிப்புக் குழு’ எனப் பொருள்படும் பெயரில் மறுசீரமைக்கப்பட்டது. அதன் ஆக்கமே ரி.பி.எம். எனச் சுருக்கமாக வழங்கும் சில்லு. 2009இல் இதன் வரையறை சர்வதேசத் தராதரமாக ஏற்கப்பட்டது. 2014இல் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. 2021இல் வெளியான வின்டோஸ் 11 இவ்விரண்டாம் பதிப்புச் சில்லினை ஒரு நிபந்தனையாகவே விதித்தது.

இச்சில்லின் இயக்கத்தைச் சுருக்கமாகக் கூறின்: சில்லினுள் வேர்ச்சாவி ஒன்று உண்டு. அதன் இரகசியப் பகுதி ஒருபோதும் வெளியே வருவதில்லை. சில்லின் நினைவகம் மிகச் சிறிது. ஆதலின் ஏனைய சாவிகள் இவ்வேர்ச்சாவியாற் பூட்டப்பட்டு, வெளியே வன்தட்டிற் சேமிக்கப்படுகின்றன. அவற்றைத் திருடிச் செல்வோருக்கு அவற்றாற் பயனில்லை, அச்சில்லு ஒன்றினாலேயே அவை திறக்கப்படும் ஆதலின். முதற் பதிப்பு வரையறைகளிற் சாவிகள் இருவகைப்பட்டன. இடம்பெயரத்தக்கவை உரிய அனுமதியோடு வேறொரு சில்லுக்கு மாற்றப்படலாம். ஆகவே காப்புப் படியும் எடுக்கப்படலாம். இடம்பெயராதவை தாம் பிறந்த சில்லோடு வாழ்ந்து அதனோடு மடியும். மேலும், கணனி இயங்கத் தொடங்கும்போது அதன் அடிப்படை மென்பொருள் அளவிடப்பட்டு, அவ்வளவீடு முன்னையதை ஒத்திருந்தால் மட்டும் சாவி விடுவிக்கப்படுமாறும் செய்யலாம். தாய்ப்பலகை பழுதுற்றாலோ அடிப்படை மென்பொருள் மாற்றப்பட்டாலோ, சில்லு தன் உரிமையாளரையே அந்நியராகக் கருதும்.

இத்திட்டத்தின் பெயரில் அமைந்த ‘நம்பகம்’ என்னும் சொல் இலக்கிய மாணவரின் கவனத்துக்குரியது. அன்றாட வழக்கில் நம்பிக்கை என்பது இருவரிடையே நிலவும் உறவு. நம்புபவர் ஒருவர், நம்பப்படுபவர் மற்றவர். அக்குழுவின் வரையறையிலோ, ஒரு கருவி எதிர்பார்த்தவாறு இயங்குதல் என்னும் பொருளில் அச்சொல் ஆளப்படுகின்றது. எதிர்பார்ப்பவர் யார் என்பது சொல்லில் இல்லை. எழுவாய் மறைந்த அவ்விடத்திலேதான் கருத்தியல் குடிகொள்கின்றது. 2002இல் றிச்சட் ஸ்ரோல்மன், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் றொஸ் அன்டர்சன் முதலியோர் இத்திட்டத்தைக் கண்டித்தபோது சுட்டிக்காட்டியதும் இதுவே: கணனியின் உரிமையாளருக்கு எதிராகவே அக்கணனியை நம்பகமாக்கும் வாய்ப்பு இதில் உண்டு என்பது அவர்தம் வாதம். அவர்கள் அஞ்சியன யாவும் அவ்வாறே நிகழ்ந்துவிடவில்லை. சில்லின் பெரும்பயன், திருடப்பட்ட மடிக்கணனியிலிருந்து தரவு களவாடப்படாது தடுத்தலே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும், அவர்கள் எழுப்பிய வினா நிலைத்து நிற்கின்றது.

உள்ளே நோக்கவியலாத பொருளின்மீது வைக்கப்படும் நம்பிக்கைக்கு 2017ஆம் ஆண்டு தக்க பாடம் புகட்டியது. செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஜேர்மனிய நிறுவனமான இன்பினியனின் சில்லுகள் தம்முள்ளே பிறப்பித்த ஒருவகைச் சாவிகள் ஊகித்தறியத்தக்கனவாய் நலிவுற்றிருந்தமையைக் கண்டறிந்தனர். அச்சில்லுகள் உரிய சான்றிதழ்கள் பெற்றவை. எஸ்தோனியா அரசு அதே சில்லுடைய ஏறத்தாழ 750,000 தேசிய அடையாள அட்டைகளின் மின்சான்றுகளை 2017 நவம்பரில் இடைநிறுத்தவேண்டியதாயிற்று. வெளியே எடுக்கவியலாத சாவி, பரிசோதிக்கவும் இயலாத சாவியாயிருந்தது.

6

இச்சில்லினை மக்களிடையே பரப்பியதில் மைக்ரோசொப்டின் பிற்லொக்கர் என்னும் மென்பொருளுக்கு முதன்மையான இடமுண்டு. வின்டோஸ் விஸ்ராவோடு 2006-07இல் வெளிவந்த இது, முழு வன்தட்டினையும் மறைகுறியாக்கியது. வெளியேறாத சாவிக்குக் காப்புப் படி எடுப்பது எங்ஙனம் என்ற வினாவுக்கு அது தரும் விடை நுட்பமானது. சில்லினுள் இருக்கும் சாவியை அது படியெடுப்பதில்லை. வன்தட்டின் சாவியைக் காக்கும் இடைநிலைச் சாவி ஒன்று உண்டு. அதன் ஒரு படி சில்லினாற் பூட்டப்படுகின்றது. மற்றொரு படி 48 இலக்கங்கள் கொண்ட மீட்புக் கடவெண்ணாற் பூட்டப்படுகின்றது. அதாவது, ஓர் அறைக்கு இரு வாயில்கள். ஆறாறாக எட்டுத் தொகுதிகளில் அமைந்த அவ்விலக்கங்களுள் ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் வகுபடத்தக்கது. கையால் எழுதுவோர் விடும் பிழையைக் கண்டறிவதற்கே இவ்வேற்பாடு. தாளும் கையெழுத்தும் சில்லு யுகத்திலும் ஒழியவில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அந்த 48 இலக்கங்கள் எங்கு வைக்கப்படுகின்றன என்பதிலேயே வர்க்க வேறுபாடு வெளிப்படுகின்றது. விஸ்ராவிற் பிற்லொக்கர் பெருநிறுவனங்களுக்கும் உயர்விலைப் பதிப்பை வாங்கியோருக்கும் மட்டுமே கிடைத்தது. நிறுவனங்கள் தம் ஊழியரின் கணனிகளுக்கான மீட்புக் கடவெண்களைத் தமது சொந்தச் சேவையகத்தின் பதிவேட்டிலே சேமித்துக்கொள்ள இயன்றது. சாதாரண மக்களைச் சென்றடைந்தது 2013இல் வெளியான வின்டோஸ் 8.1 பதிப்பின் ‘சாதன மறைகுறியாக்கம்’ ஆகும். பயனர் மைக்ரோசொப்ட் கணக்கினூடாக நுழைந்ததும் மீட்புச் சாவி அந்நிறுவனத்தின் சேவையகத்துக்கு ஏற்றப்பட்டது. அதன் பின்னரே காப்பு முழுமையுற்றது. நிறுவனத்தின் சாவி நிறுவனத்திடமே இருந்தது; தனிமனிதரின் சாவி விற்பனையாளரிடம் சென்றது. பலர் இவ்வாறு ஒரு சாவி உண்டென்பதையே கணனி பழுதுற்ற நாளிலேதான் அறிந்துகொண்டனர்.

1993இல் அரசு வேண்டிநின்று பெறமுடியாததை, இருபது ஆண்டுகளின் பின்னர் வணிகம் வசதியின் பெயராற் பெற்றுக்கொண்டது எனலாம். கிளிப்பரிற் சாவி இரு கூறாக இரு நிறுவகங்களில் இருந்திருக்கும். இங்கோ ஒரே நிறுவனத்திடம் முழுமையாக உள்ளது. தன்வசமுள்ள சாவியைச் சட்டபூர்வமான ஆணைக்கிணங்கக் கையளிக்க வேண்டிய நிலையில் அந்நிறுவனம் உள்ளது. கிளிப்பரை எதிர்த்து நின்ற மூலதனம், அதன் பணியைத் தானே மேற்கொண்டுள்ளமை வரலாற்றின் முரண்நகையாகும். அதே வேளை, இவ்வேற்பாடு இல்லாதிருப்பின் எண்ணற்றோர் தம் குடும்பப் படங்களையும் கணக்குகளையும் இழந்திருப்பர் என்பதும் உண்மையே. பயன்பாடும் ஆதிக்கமும் ஒரே பொருளில் இணைந்திருப்பதே முதலாளித்துவப் பண்டத்தின் இயல்பு. ஒன்றைக் கண்டு மற்றதை மறப்பது ஆய்வாகாது.

மத்தியப்படுத்தலின் ஆபத்து 2024 யூலை 19ஆம் நாள் உலகெங்கும் உணரப்பட்டது. குறவுட்ஸ்ரைக் நிறுவனத்தின் பழுதுற்ற மென்பொருட் புதுப்பிப்பு ஒன்றினால், மைக்ரோசொப்டின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் கணனிகள் செயலிழந்தன. அவற்றைச் சீர்செய்யப் பல இடங்களிற் பிற்லொக்கர் மீட்புச் சாவி வேண்டப்பட்டது. அச்சாவிகளைச் சேமித்துவைத்த சேவையகங்களும் சில நிறுவனங்களில் அதே விபத்தில் வீழ்ந்து கிடந்தன. பெட்டகத்தின் சாவி பெட்டகத்தினுள்ளேயே பூட்டப்பட்டிருந்த நிலை இது. பூட்டும் படியும் ஒரே முறைமையைச் சார்ந்திருப்பின் அது காப்புப் படியாகாது.

7

அப்பிள் நிறுவனம் பிறிதொரு வழியைக் கைக்கொண்டது. 2013இல் வெளியான ஐபோன் 5எஸ் முதல் அதன் கருவிகளிற் சாவிகளைத் தனியே காக்கும் காப்புக்கூறு ஒன்று இடம்பெறுகின்றது. பயனரின் கடவுச்சொற் தொகுதியை மீட்பதற்கான காப்புப் படிகள், அந்நிறுவனத்தின் வன்பொருட் காப்புக் கருவிகளில் வைக்கப்படுகின்றன. தவறான முயற்சிகள் பத்தினை எட்டினால் அப்படி அழிக்கப்படும். அக்கருவிகளின் மென்பொருளை மாற்றுதற்கு வேண்டிய நிர்வாக அட்டைகளைத் தாமே அரைப்பானில் இட்டு அழித்துவிட்டதாக அந்நிறுவனத்தின் பாதுகாப்புத் துறைப் பொறுப்பாளர் 2016இல் நடைபெற்ற மாநாடொன்றில் தெரிவித்தார். தன் கையைத் தானே கட்டிக்கொள்ளும் இச்செயல் பாராட்டத்தக்கதாயினும், அதனை மேற்கொண்டதும் நிறுவனமே, அது நடந்தமைக்குச் சாட்சி கூறுவதும் நிறுவனமே. 2022 டிசம்பரில் அந்நிறுவனம், மேகச் சேமிப்பின் பெரும்பகுதிக்குரிய சாவிகள் பயனரிடம் மட்டுமே இருக்கும் வசதியை அறிமுகப்படுத்தியது. 2025 பெப்ரவரியில், பிரித்தானிய அரசு அத்தரவுகளை அணுகுவதற்கு இரகசிய ஆணை பிறப்பித்ததாகச் செய்தி வெளியானதையடுத்து, அவ்வசதி ஐக்கிய இராச்சியத்திற் புதிய பயனர்களுக்கு மறுக்கப்பட்டது. நிறுவனம் வழங்கும் உரிமையை நிறுவனமே மீளப் பெறவும் இயலும். அரசு அதற்கு நெருக்குதலும் கொடுக்கலாம்.

இவ்விரண்டுக்கும் மாற்றாகத் தனிமனிதர் தம் சாவியைத் தாமே காக்கவேண்டும் என்போர் உளர். 1990களின் மறைகுறி ஆர்வலரிடையே தோன்றிய இந்நிலைப்பாடு, சிறு உடைமையாளரின் உலகநோக்கைச் சார்ந்ததாகும். அதன் எல்லையை 2021 சனவரியில் நியூயோர்க் ரைம்ஸ் வெளியிட்ட செய்தி ஒன்று உணர்த்துகின்றது. 7,002 பிற்கொயின் நாணயங்களுக்கான சாவியை வன்பொருட் காப்புடைய சிறு சேமிப்புக் கருவியொன்றில் வைத்திருந்த மென்பொருளாளர் ஒருவர், அதன் கடவுச்சொல் எழுதப்பட்ட தாளைத் தொலைத்துவிட்டார். கருவி அனுமதிக்கும் பத்து முயற்சிகளில் எட்டு அப்போதே கழிந்திருந்தன. முழுத் தன்னாட்சி, ஒரு தாள் தொலைந்தவுடன் முழு வெறுமையாயிற்று.

அரசு, நிறுவனம், தனிமனிதன் என்னும் மூன்றுக்கும் அப்பால் நான்காவது வழியொன்று கோட்பாட்டளவில் 1979ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. அவ்வாண்டில் அடி சமீர், ஜோர்ஜ் பிளேக்லி ஆகிய இருவரும் தனித்தனியே, ஓர் இரகசியத்தைப் பலரிடையே பகிரும் கணித முறையைக் கண்டனர். இரகசியம் ஏழு பங்காக்கப்பட்டு, அவற்றுள் எவையேனும் ஐந்து சேர்ந்தால் மீளுமாறு அமைக்கலாம். நான்கு பங்குகள் சேரினும் எதுவும் புலனாகாது. வங்கிகளின் பழைய முறையில் ஒரு கூறு தொலைந்தால் அனைத்தும் தொலையும். இங்கோ இருவர் இறந்தாலும் இரகசியம் பிழைக்கும். நால்வர் சதிசெய்தாலும் அது கசியாது. படிகள் பெருகுதலின் நன்மையும் பெருகாமையின் நன்மையும் இங்கு இணைகின்றன. கட்டுரையின் தொடக்கத்திற் குறித்த முரண்பாடு, பலரின் கூட்டுச் செயலினாற் கடக்கப்படுகின்றது.

இது வெறுங் கோட்பாடன்று. இணையப் பெயர்முறைமையின் வேர்ச்சாவி 2010 யூன் 16ஆம் நாள் வேர்ஜினியா மாநிலத்தின் கல்பெப்பரிற் பிறப்பிக்கப்பட்டு, அடுத்த மாதம் கலிபோர்ணியாவின் எல் செகுண்டோவிலும் வன்பொருட் கருவிகளில் வைக்கப்பட்டது. ஒவ்வொரு நிலையத்துக்கும் எழுவர் என அமைந்த பொறுப்பாளருள் மூவரேனும் நேரிற் கூடினாலன்றிச் சாவி இயங்காது. இரு நிலையங்களின் கருவிகளும் அழிந்துபோகுமாயின், பேணப்பட்ட படியிலிருந்து சாவியை மீட்பதற்கு வேறு எழுவர் பங்குகளை வைத்துள்ளனர். அவர்களுள் ஐவர் வேண்டும். தொடக்கத்தில் அவ்வெழுவரும் திரினிடாட், சீனா, பேர்கினா பாசோ, கனடா, செக் குடியரசு, ஐக்கிய இராச்சியம், ஐக்கிய அமெரிக்கா என வெவ்வேறு நாடுகளிலிருந்து தெரிவாயினர். சடங்கு முழுவதும் பதிவுசெய்யப்பட்டு வெளியிடப்படுகின்றது. 2020 பெப்ரவரியில் எல் செகுண்டோவின் பெட்டகமொன்று திறக்க மறுத்தமையாற் சடங்கு பிற்போடப்பட்டது. அத்தடங்கலும் மறைக்கப்படாது உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

இதனை மக்களாட்சி எனக் கொள்வது மிகையாகும். அச்சாவியை நிர்வகிப்பது கலிபோர்ணியாவிற் பதிவுசெய்யப்பட்ட நிறுவனமே. பொறுப்பாளரைத் தெரிவதும் அதுவே. ஆயினும், பல நாட்டவர் கூடி, யாவரும் காண, ஒரு பொதுச் சாவியைக் காப்பது இயலும் என்பது இங்கு நடைமுறையில் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது.

8

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் சில முடிவுகள் பெறப்படும். சில்லினுள் அடைபட்ட சாவி அச்சில்லின் ஆயுளை மட்டுமே உடையது. ஆகவே, நெடுங்காலம் வாழவேண்டிய எத்தரவுக்கும் சில்லு ஒரு வாயிலாக இருக்கலாமேயன்றி ஒரே வாயிலாக இருத்தலாகாது. இரண்டாவது வாயிலின் சாவி, முதலாவது வாயில் சார்ந்துள்ள முறைமைக்கு வெளியே இருத்தல் வேண்டும். அச்சாவி யாரிடம் உள்ளதோ அவரே அத்தரவின் மெய்யான உடைமையாளர். கருவியின் பற்றுச்சீட்டு யார் பெயரில் உள்ளது என்பது இரண்டாம் பட்சமானது.

தனியாருக்குச் சாத்தியமல்லாததைச் சங்கங்களும் நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் செய்தல் கூடும். ஓர் அமைப்பின் மீட்புச் சாவியைப் பங்குகளாக்கி, ஒரே ஊரிலும் ஒரே பதவியிலும் இல்லாத உறுப்பினர் ஐவரிடமோ எழுவரிடமோ ஒப்படைத்தலுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பங்காளரின் பெயரையும், அவர் விலகும்போது பங்குகளைப் புதுப்பிக்கும் முறையையும் யாப்பிலே எழுதிவைப்பதும், ஆண்டுக்கொருமுறை கூடி மீட்டுப் பார்ப்பதும் அதனினும் முக்கியமானவை. மீட்டுப் பார்க்கப்படாத காப்புப் படி உண்டென நம்பப்படுவதேயன்றி உள்ளதென அறியப்படுவதன்று. சில்லினை ஆக்கும் ஆற்றல் இன்று ஒருசில நிறுவனங்களிடமே குவிந்துள்ளது. அதனை உடனடியாக மாற்றுதல் நம்மால் இயலாது. இரண்டாவது சாவியை எங்கு, எவரிடம் வைப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையோ இன்னும் நம் கைக்கு எட்டிய தூரத்திலேயே உள்ளது. பெருநிறுவனங்கள் தமக்கெனத் தவறாது பயன்படுத்திக்கொள்ளும் அவ்வுரிமையை, மக்கள் அமைப்புக்களும் உணர்ந்து பயன்படுத்தத் தொடங்குதல் வேண்டும்.